விஸ்கித் திருடனும் 63-30-7 ரகசியமும்

அமெரிக்க விஸ்கிக் கிடங்குகளில் திருடனுக்கு ராஜ மரியாதை. ஊழியர்கள் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார்கள், விருந்தினர் வந்தால் முதலில் அவனைத்தான் அறிமுகம் செய்வார்கள். 'விஸ்கி தீஃப்' என்று பெயர். பயப்பட வேண்டாம், செம்பில் செய்த நீளமான குழாய்தான் அது. பீப்பாயின் வயிற்றில் உள்ள மர அடைப்பானைத் தட்டி எடுத்துவிட்டு, குழாயை உள்ளே இறக்கி, மேல் துளையைக் கட்டை விரலால் பொத்தித் தூக்கினால் உள்ளே கொஞ்சம் சரக்கு அகப்பட்டுக்கொள்ளும். விரலை எடுத்ததும் கிளாசில் கொட்டும். பொன் நிறம் இல்லை, நல்ல செம்பு நிறம். தண்ணீர் கலக்காதது, வடிகட்டாதது, கண்ணாடிப் புட்டியையே பார்க்காதது. அந்தக் கிளாசை மூக்கருகே கொண்டுபோகிற கணத்தில் வயசு, படிப்பு, உத்தியோகம் எல்லாம் மறந்துபோய்விடும், ஆமாம்!

இந்தத் திருடனின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் எட்டிப் பார்க்கப் போவது விசில்பிக் கம்பெனியின் 'ஓல்ட் வேர்ல்ட்' என்கிற 12 வருட ரை விஸ்கியை. உலகத்தில் எத்தனையோ விஸ்கி இருக்க இது ஏன்? இதன் கதை கிட்டத்தட்ட முழுவதும் பீப்பாய்க்குள்ளேயே நடக்கிறது என்பதால். அதுவும் ஒரு பீப்பாய் இல்லை. முதலில் ஒன்று, பிறகு மூன்று வகை ஒயின் குடித்து ஊறிய வேறு பீப்பாய்கள்.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஆட்களே கொள்ளை சுவாரசியம். விசில்பிக்கைத் தொடங்கியவர் ராஜ் பக்தா. அப்பா இந்தியர், அம்மா அயர்லாந்துக்காரர். டொனால்ட் டிரம்ப் நடத்திய 'தி அப்ரென்டிஸ்' டிவி நிகழ்ச்சியின் இரண்டாவது சீசனில் வந்து வெளியேற்றப்பட்டவர். 2006-ல் அமெரிக்க காங்கிரஸ் தேர்தலில் நின்று தோற்றவர். அந்தப் பிரசாரத்தின்போது யானைகளையும் மெக்சிகோ வாத்தியக் கோஷ்டியையும் ரியோ கிராண்டே நதிக்கரைக்குக் கூட்டிப்போய், எல்லைக் காவல் எவ்வளவு லட்சணம் என்று ஊருக்குக் காட்டப் பார்த்தவர். தேர்தலில் தோற்ற மறு வருடம் வெர்மான்ட் மாநிலத்தில் ஷோரம் என்ற கிராமத்தில் பழைய பண்ணை ஒன்றை வாங்கினார். பனி கொட்டும் ஊர், மாட்டுப் பண்ணைகளின் ஊர். அங்கே விஸ்கி காய்ச்சப் போகிறேன் என்றார். நல்லவேளை, இந்த முறை யானை வரவில்லை, டேவ் பிக்கரெல் வந்தார்.

பிக்கரெல் சாதாரண ஆள் இல்லை. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, பிறகு அங்கேயே வேதியியல் பாடம் எடுத்தவர். கென்டக்கியில் மேக்கர்ஸ் மார்க் டிஸ்டிலரியில் 14 வருடம் தலைமை வடிப்பாளராக இருந்தவர். அதை விட்டு வந்தபின் அமெரிக்கா முழுக்கச் சின்னச் சின்ன டிஸ்டிலரிகளுக்கு வழி சொல்லிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அவர் கையில் அப்போது ஒரு புதையல் இருந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் நூற்றுக்கு நூறு ரை தானியத்தில் காய்ச்சி, 10 வருடம் ஊறிய சரக்கு. மற்ற விஸ்கிகளில் கலப்பதற்கென்று வைத்திருந்ததைத் தனியாகக் குடித்துப் பார்த்து அசந்துபோனவர் பிக்கரெல். அதை வாங்கி, வெர்மான்டில் புட்டியில் அடைத்து, 2010-ல் 'விசில்பிக் 10' என்று வெளியிட்டார்கள். பண்ணையில் அப்போது பன்றி இருந்தது, டிஸ்டிலரி இல்லை! பழைய மாட்டுக் கொட்டகையைப் பிரித்துச் செப்பனிட்டு அவர்கள் சொந்தமாகக் காய்ச்ச ஆரம்பித்தது 2015-ல்தான்.

இங்கே குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். இந்தத் தொழிலின் பெரிய வீட்டு ரகசியம் இதுதான். அமெரிக்கக் கடைகளில் வரிசையாக நிற்கும் ரை விஸ்கிப் புட்டிகளில் கணிசமானவை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாய் வீடு இண்டியானா மாநிலத்தில், ஒஹாயோ நதிக்கரையில், லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிறது. 1847-ல் தொடங்கிய இடம். 1933-ல், மதுவிலக்கு முடிந்த வருடத்தில், சீக்ராம் கம்பெனி வாங்கியது. பல கை மாறி 2011-ல் எம்ஜிபி என்ற கம்பெனியிடம் போனது. அங்கே காய்ச்சும் ரை சரக்கில் 95 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. சீக்ராம் காலத்தில் கலவை விஸ்கிகளுக்கு மணம் ஏற்றத்தான் இதைக் காய்ச்சினார்கள். பிற்பாடு புல்லெட் ரை, டெம்பிள்டன் ரை என்று எத்தனையோ பெயர்களுக்குப் பின்னால் நின்றது அதே 95-5. ஓல்ட் வேர்ல்டுக்கும் அதுதான் அடிச்சரக்கு.

'அடடா, ஏமாற்றிவிட்டார்களே' என்று முகம் சுளிக்காதீர்கள். எனக்கு இது ஏமாற்றமே இல்லை, குதூகலம். அடிச்சரக்கு ஒன்றே என்றால், கிளாசில் தெரியும் வித்தியாசம் எல்லாம் மரம் செய்த வேலை. மரத்தின் கைவரிசையை இதைவிடச் சுத்தமாகக் காட்டும் பரிசோதனை வேறு எங்கே கிடைக்கும்?

ரை என்பது குளிர்தேசத்துத் தானியம். கோதுமைக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் முரட்டுச் சொந்தம். மோசமான மண்ணிலும் பனியிலும் விளையும். மக்காச்சோளம் இனிப்பைத் தரும், ரை காரத்தைத் தரும். காய்ச்சுபவர்களுக்கு இதுபோல எரிச்சலூட்டும் தானியம் கிடையாது. ஊறல் கோந்துபோலப் பிசுபிசுக்கும், நொதிக்கும்போது நுரை பொங்கித் தொட்டியைத் தாண்டி வழியும். அந்தக் கோபமெல்லாம் விஸ்கியில் கிராம்பாகவும் மிளகாகவும் இறங்குகிறது.

அமெரிக்காவின் ஆதி விஸ்கியும் இதுதான். பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் குடியேறியவர்கள் காய்ச்சியது ரை. விஸ்கிக்கு வரி போட்டதும் பென்சில்வேனியாவின் மேற்குப் பக்கத்து விவசாயிகள் கலகம் செய்தார்கள். 1794-ல் ஜார்ஜ் வாஷிங்டனே படையோடு கிளம்பினார். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். பதவியை விட்டு வீட்டுக்குப் போனதும், பண்ணை மேலாளரான ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சொன்னார் என்று அதே வாஷிங்டன் மவுன்ட் வெர்னனில் விஸ்கி காய்ச்சத் தொடங்கிவிட்டார். 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் முளைப் பார்லி. 1799-ல் அந்த டிஸ்டிலரி தந்தது ஏறத்தாழ 11,000 காலன். நாட்டிலேயே மிகப் பெரிய டிஸ்டிலரிகளில் ஒன்று! 2007-ல் அதைத் திரும்பக் கட்டித் திறந்தபோது பழைய முறையில் அங்கே காய்ச்சிக் கொடுத்தவர்களில் நம்ம பிக்கரெலும் உண்டு.

சரி, பீப்பாய்ப் பட்டறைக்குள் போவோம். இந்தக் கட்டுரையை எழுத நான் பரபரத்ததே இந்த இடத்துக்காகத்தான்.

வெள்ளை ஓக் மரத்தை ஆரவாட்டில் பலகையாக அறுத்து, முதலில் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் அடுக்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில், சில பட்டறைகளில் வருடக்கணக்கில். மழை பட்டுப் பட்டு மரத்தின் துவர்ப்பும் கசப்பும் கரைந்து போகும். அடுக்குக்குக் கீழே மண்ணில் ஓடும் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். பிறகு முப்பது சொச்சம் பலகைகளை ஒரு தற்காலிக இரும்பு வளையத்துக்குள் நெருக்கி நிறுத்துவார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு அகலம். எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதை அளவுகோல் சொல்வதில்லை, கை சொல்கிறது. நீராவியில் பலகை இளகியதும் இழுத்து வளைத்து, பாவாடைபோல விரிந்து கிடந்த அடிப்பக்கத்தை மூடி, வளையம் அடிக்கிறார்கள். ஆணி கிடையாது. பசை கிடையாது. மூடிப் பலகைகளின் இடுக்கில் காய்ந்த கோரையைச் செருகுவதுண்டு. கடைசியில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கும்போது எங்காவது கசிந்தால் ஊசி முனை அளவுக்கு ஒரு மரச் சிராயைச் சீவி அடிப்பார்கள், கசிவு நிற்கும். 53 காலன், அதாவது சுமார் 200 லிட்டர் சரக்கை வருடக்கணக்கில் தாங்கப்போகிற பாத்திரம் இது.

அப்புறம் தீ. எனக்கு மூச்சு முட்டியது இங்கேதான், புகையால் இல்லை.

முதலில் மெல்லிய வறுவல். சின்ன அடுப்பின் மேல் பீப்பாயைக் கவிழ்த்து நிறுத்தினால் பட்டறை முழுக்க பேக்கரி வாசனை. ரொட்டி, பாதாம், கொஞ்சம் வெண்ணெய். மரத்துக்குள் இருக்கும் லிக்னின் உடைந்து வனிலின் ஆகிறது, கேக்கில் போடுகிறோமே அதே வனிலாவின் சத்து. ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சர்க்கரையாகிக் கருகத் தொடங்குகிறது. ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் மணம் தருகின்றன. யூஜெனாலும் உண்டு. கிராம்பில் இருக்கும் அதே யூஜெனால், ஓக் மரத்திலும்! ரை தானியம் தன் பங்குக்கு ஒரு கிராம்பு வாசனை கொண்டுவரும், மரம் தன் பங்குக்கு இன்னொன்று. இரண்டும் கிளாசில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்ளும்.

வறுவல் முடிந்ததும் கரிப்பு. உள்ளே தீயைச் செலுத்தினால் பீப்பாய் எரிமலை மாதிரி வாய் வழியே கக்குகிறது. வினாடிக் கணக்கு. 35 வினாடி விட்டால் மூன்றாம் எண் கரிப்பு. 55 வினாடி விட்டால் நான்காம் எண், உள்சுவர் வெடித்து முதலைத் தோல்போல ஆகிவிடும். தொழிலில் பெயரே 'முதலைக் கரி'தான். கரிப்படலம் கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பின்னால் வறுபட்ட சர்க்கரை தங்கிய செம்பழுப்புப் பட்டை. கோடையில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வரும். போகும்போது வெறுங்கையோடு போகிறது, வரும்போது நிறமும் மணமுமாக வருகிறது. இடையில் ஆண்டுக்குச் சில சதவீதம் ஆவியாகிக் காற்றில் போய்விடும். 'தேவதைகளின் பங்கு' என்று இதைச் செல்லமாகச் சொல்வார்கள். தேவதைகளுக்குப் போட்டியாக ஒரு பூஞ்சையும் இருக்கிறது. பவுடோய்னியா என்று பெயர். அந்த ஆவியைக் குடித்தே வாழ்ந்து, கிடங்குச் சுவர், பக்கத்து மரம், வேலிக் கம்பம் எல்லாவற்றிலும் கரி பூசியதுபோலப் படர்ந்திருக்கும். கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் காரைத் துடைத்துத் துடைத்துச் சலித்து வழக்கே போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டம் இந்த முதல் பீப்பாயோடு கறாராக நிற்கிறது. ரை விஸ்கி என்று பெயர் போட வேண்டுமானால் 51 சதவீதமாவது ரை இருக்க வேண்டும், புதிதாகக் கரித்த ஓக் கலத்தில் ஊற வேண்டும், பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. வேறு பீப்பாயில் மறுபடி ஊறவைத்தால் தடையில்லை, ஆனால் லேபிளில் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாம் ஊறலுக்குத்தான் 'ஃபினிஷிங்' என்று பெயர். ஸ்காட்லாந்தில் பால்வெனியின் டேவிட் ஸ்டுவர்ட் 1980களின் தொடக்கத்தில், ஓக்கில் முதிர்ந்த விஸ்கியை ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றி இந்த வழியைத் திறந்துவிட்டார் என்பார்கள். அமெரிக்காவில் அதைப் பிரபலமாக்கியதில் லிங்கன் ஹெண்டர்சனுக்குப் பெரிய பங்கு. உட்ஃபோர்ட் ரிசர்வை உருவாக்கி ஓய்வுபெற்றவர், மகனோடு சேர்ந்து 'ஏஞ்சல்ஸ் என்வி' தொடங்கினார். அவர்களுடைய ரை 2013-ல் வந்தது. அதே இண்டியானாவின் 95-5, ஆனால் கரீபிய ரம் பீப்பாயில் 18 மாதம்வரை மறு ஊறல். கிளாசை மூக்கருகே கொண்டுபோனதும் வெல்லப்பாகு கொதிக்கும் அடுப்பங்கரை.

விசில்பிக்கில் பிக்கரெல் தேடிப்போனது ஒயின் பீப்பாய்களை. மடெய்ரா, சோட்டெர்ன், போர்ட். மூன்றும் இனிப்பு ஒயின், மூன்றுக்கும் மூன்று குணம். மடெய்ரா அட்லான்டிக்கில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவு. அந்த ஒயினை வேண்டுமென்றே சூட்டில் வாட்டுவார்கள். கப்பலில் வெப்ப நாடுகளைச் சுற்றி வந்த ஒயின் கெடாமல் ருசி ஏறியிருந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம். சோட்டெர்ன் பிரான்சின் போர்தோ பக்கத்து ஒயின். திராட்சையில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து வற்றினால்தான் அறுவடையே. போர்ட், போர்ச்சுகலின் டோரோ நதிப் பள்ளத்தாக்கின் அடர்ந்த சிவப்பு ஒயின், பாதி நொதியிலேயே பிராந்தி ஊற்றி இனிப்பைத் தக்கவைத்துவிடுவார்கள்.

மாங்காய் ஊறுகாய் இருந்த ஜாடியை எத்தனை தடவை கழுவி வெயிலில் காயவைத்தாலும், அடுத்து அதில் போடும் உப்பில்கூட ஊறுகாய் மணக்கும் அல்லவா? காலியான ஒயின் பீப்பாயும் அப்படித்தான். கவிழ்த்தால் சொட்டு விழாது, ஆனால் மரத்துக்குள் சில லிட்டர் ஒயின் குடியிருக்கும். அதற்குள் 12 வருட ரையை ஊற்றிவிட்டு, திருடனைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் இருக்க வேண்டும். எப்போது போதும் என்று சொல்வது? இதுதான் முழு வித்தையும். சீக்கிரம் எடுத்தால் மேலே பூசியதுபோல இருக்கும். தாமதித்தால் ரை செத்து, ஒயின் மட்டும் பேசும். காலண்டரை நம்பிப் பயனில்லை. ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வாரம் தவறாமல் மூக்கையும் நாக்கையும் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் மூன்றையும் தனித்தனிப் புட்டிகளாக வெளியிட்டார்கள். பிறகு மூன்றையும் சேர்த்தார்கள். சேர்மானம் இப்படி: மடெய்ரா 63 சதவீதம், சோட்டெர்ன் 30, போர்ட் 7. இந்த எண்களைப் படித்ததும் நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். போர்ட் ஏன் வெறும் 7? மூன்றில் ஊருக்கெல்லாம் பிடித்தது போர்ட்தான், விற்பனைக்கும் அந்தப் பெயர்தான் சுலபம். ஆனால் போர்ட் பீப்பாய் ஒரு தண்டோரா. 20 சதவீதம் விட்டிருந்தால் வேறு யாரையும் பேச விட்டிருக்காது என்பது என் எண்ணம். 7 சதவீதத்தில் அது அடித்தொண்டையில் ஒரு நாவல்பழக் கறையாக மட்டும் நிற்கிறது.

இப்போது கிளாஸ். துலிப் மொட்டு வடிவத்தில், கீழே அகன்று மேலே குறுகிய கிளென்கெய்ர்ன் கிளாஸ். வாயை லேசாகத் திறந்துகொண்டு மோப்பம் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்கஹால் மூக்கில் அறைந்துவிடும். வாயில் விட்டதும் விழுங்கக் கூடாது. ஜிம் பீம் குடும்பத்து புக்கர் நோ சொல்லிக்கொடுத்த 'கென்டக்கி மெல்லல்' என்று ஒன்று உண்டு. சோறு மெல்வதுபோல விஸ்கியை வாய் முழுக்க உருட்டி மெல்ல வேண்டும். பார்க்கக் கோமாளித்தனம். ஆனால் செய்து பாருங்கள், ருசி இரண்டு மடங்காகும்.

ஒப்பிடுவதற்காக முதலில் வேறு பீப்பாய் பார்க்காத 95-5 ரை. மூக்கில் கிராம்பு, மிளகு, பச்சைப் புதினா, அப்புறம்... அட, சதகுப்பை! பிள்ளை பெற்ற வீட்டில் லேகியம் கிண்டும்போது வருமே, அதே வாசனை. இண்டியானா ரையின் அடையாளமே இந்தச் சதகுப்பைதான் என்று தேறிய ருசிகர்கள் சொல்வதைப் படித்திருக்கிறேன். வாயில் விட்டதும் அது சரி என்று நாக்கு கையெழுத்துப் போட்டது. காரம் நேர்க்கோட்டில் போகிறது, பின்னால் வறட்டு முடிவு. நல்ல முரட்டுப் பையன்.

அடுத்து ஓல்ட் வேர்ல்ட், 43 சதவீதம். பையன் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்! முதல் மூச்சில் உலர்ந்த சர்க்கரை பாதாமி, தேன், ஆரஞ்சுத் தோல். இது சோட்டெர்னின் வேலை. வாயில் விட்டதும் மடெய்ரா வருகிறது. வாட்டிய வால்நட், அத்திப்பழம், கருகும் கட்டத்துக்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய பாகு. நடு நாக்கில் கிராம்பு எழுந்து நிற்கிறது, மிளகும் கூடவே. சதகுப்பையைத் தேடினேன். இருக்கிறது, ஆனால் பின்வரிசையில், மரியாதையாக. கடைசியில் அந்த 7 சதவீதம். இனிப்பாக இல்லை, நிறமாகத்தான் தெரிகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு அப்படித்தான் பட்டது. குறை சொல்ல வேண்டுமானால், 43 சதவீதம் கொஞ்சம் தணிவு. இன்னும் இரண்டு மூன்று டிகிரி விட்டிருந்தால் முடிவு நீண்டிருக்கும். தண்ணீர் தயவுசெய்து வேண்டாம், ஐஸ் வேண்டவே வேண்டாம்.

பக்கத்திலேயே விசில்பிக் 15. இதற்கு ஒயின் பீப்பாய் கிடையாது, வெர்மான்ட் ஓக்கில் செய்த புதுப் பீப்பாயில் மறு ஊறல். குளிர் ஊரில் மரம் மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். வனிலாவும் கருக்கிய சர்க்கரையும் புகையிலையும். ஆழம் இருக்கிறது, விளையாட்டு குறைவு. எனக்கு விளையாட்டுப் பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது.

ஓக்கைத் தாண்டினால் இன்னும் கிறுக்குத்தனமான உலகம் ஒன்று திறக்கிறது. ஸ்காட்ச்சுக்கு அந்த வாசல் அடைப்பு, சட்டப்படி ஓக் மட்டும்தான். அந்த ஊர் விஸ்கிச் சங்கம் ஓக் விஷயத்திலும் விடாது. 2005-ல் காம்பஸ் பாக்ஸ் கம்பெனி 'ஸ்பைஸ் ட்ரீ' என்ற விஸ்கிக்காகப் பீப்பாயின் உள்ளே கூடுதலாகப் பிரெஞ்சு ஓக் பலகைகளைப் பொருத்தியது என்று மல்லுக்கு நின்று தயாரிப்பை நிறுத்தவைத்தார்கள். அயர்லாந்து தாராளம், எந்த மரமும் ஆகலாம். அமெரிக்கர்களும் இரண்டாம் பீப்பாயில் இஷ்டத்துக்கு விளையாடுகிறார்கள். இப்போதைய மோகம் அம்புரானா, பிரேசிலில் கஷாசா என்ற கரும்புச் சாராயத்தை ஊறவைக்கும் மரம். கூமரின் என்ற மணப்பொருள் நிறைந்தது. லவங்கப்பட்டையும் வனிலாவும் இஞ்சி பிஸ்கட்டும் சேர்ந்து பட்டாசு வெடிக்கும். முதல் வாய்க்கு நான் கைதட்டினேன். பாதிக் கிளாசில் திகட்டிவிட்டது. ரை இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. ஜப்பானின் மிசுனாரா ஓக் அதற்கு நேர் எதிர். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பீப்பாய் வராமல் போனதால் வேறு வழியின்றி எடுத்துக்கொண்ட மரம். கோணல் மரம், பீப்பாய் செய்தால் ஒழுகும், வெட்டுவதற்கு 200 வருடம் வளர வேண்டும். ஆனால் பொறுத்திருந்தால் சந்தனமும் ஊதுவத்தியும் மணக்கும் விஸ்கி.

அப்புறம் தேக்கு. ஆம், தேக்கு! விசில்பிக் 2020-ல் வெளியிட்ட 'பாஸ் ஹாக்' வரிசையின் ஏழாவது புட்டி 17 வருட ரை. ஸ்பெயின் ஓக்கில் ஒருமுறையும் தென் அமெரிக்கத் தேக்கில் மிகக் குறுகிய காலம் இன்னொரு முறையும் ஊறியது. கதவும் ஜன்னலும் ஊஞ்சல் பலகையுமாகவே தேக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதைக் குடிக்கலாம் என்று தோன்றவே இல்லையே! வெளிவந்தபோதே விலை 500 டாலர் என்பதால் இதைப் பற்றி என் நாக்குக்கு அபிப்பிராயம் இல்லை.

இதில் நம் பக்கத்தவர் பின்தங்கியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையில் தென்னங்கள்ளைக் காய்ச்சிய சாராயத்தை ஹல்மில்லா மரத்தொட்டிகளில் தலைமுறைகளாக முதிரவைக்கிறார்கள். ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்று பெயர்போட்டு விற்றதும், மெட்ராஸ் கடற்கரையின் மசூலா படகுகளுக்கு வாங்கியதும் இதே மரத்தைத்தான். ஹல்மில்லா பீப்பாயில் ஒரு ரையை ஊறவைத்து யாராவது கொண்டுவந்தால் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

பிக்கரெல் 2018 நவம்பர் 1 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் விஸ்கித் திருவிழாவுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அதே வருடம்தான் அவர் மெட்டாலிக்கா ராக் குழுவோடு சேர்ந்து 'பிளாக்கன்ட்' என்ற விஸ்கியைக் கொண்டுவந்திருந்தார். பிராந்திப் பீப்பாயில் மறு ஊறல், போதாததற்குப் பீப்பாய்களுக்கு மெட்டாலிக்கா பாட்டு! தாழ்ந்த சுருதியின் அதிர்வில் சரக்கு மரத்தோடு இன்னும் நெருங்கும் என்பது கணக்கு. விஞ்ஞானமா வியாபாரமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கிளாசை நீட்டுவேன். வெஸ்ட் பாயின்டில் வேதியியல் நடத்தியவர் செய்திருக்கிறார், முழுக்கப் புறந்தள்ளவும் மனம் வரவில்லை. பக்தாவும் விசில்பிக்கை விட்டு விலகி வேறு பக்கம் போய்விட்டார். 63-30-7 மட்டும் அப்படியே இருக்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். மறு ஊறல் செய்த ரை வாங்குகிறீர்கள் என்றால் முதல் வாயில் ரையின் காரம் தெரிய வேண்டும், பீப்பாய் அதற்கு அப்புறம் வர வேண்டும். வரிசை மாறினால் மரச் சாயம் போட்ட சரக்கு. அந்தக் கணக்கில் ஓல்ட் வேர்ல்ட் தேறிவிட்டது, ஏஞ்சல்ஸ் என்வி ரம் பீப்பாய் மயிரிழையில் தேறியது, நான் குடித்த அம்புரானா தேறவில்லை. ஓல்ட் வேர்ல்டின் விலை அமெரிக்கக் கடையில் 100 டாலரைத் தாண்டும். உறவினர் வாங்கி வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கையில் எந்த ரை கிடைத்தாலும் மூடியைத் திருகும் முன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க விஸ்கி ஒரு மாநிலத்தில் காய்ச்சப்பட்டு, லேபிளில் வேறு மாநிலத்து முகவரி இருந்தால், எங்கே காய்ச்சியது என்பதைப் பொடி எழுத்தில் போட்டாக வேண்டும், சட்டம். முன்பக்கத்தில் வெர்மான்ட் பன்றியோ வேறெந்தப் படமோ இருக்கட்டும், அந்தப் பொடி எழுத்தில் 'இண்டியானா' என்று இருந்தால் உங்கள் கிளாசில் இருப்பதும் அதே லாரன்ஸ்பர்க் வீட்டுப் பிள்ளையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.